நான் எழுதாத ஒரு காணிச் செய்தி

ஒருவர் வந்து கட்டுரை கேட்டால், இத்தனை நாளும் இல்லாமல் இப்போது ஏன் என் நினைவு வந்தது என்றுதான் முதலில் யோசிப்பேன். ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டு இரண்டு இளம் நிருபர்கள் வீட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான் யோசித்தேன். சுற்றி வளைத்துப் பேசிய பின்னர் ஒருவர், "அந்தக் காலத்து ஆக்களில நீங்கள்தான் மிஞ்சி இருக்கிறியள் ஐயா" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த உண்மைக்காகவே சம்மதித்தேன்.

அவர்கள் கேட்டது காணிச் செய்திகளைப் பற்றி. இப்போது பத்திரிகையைத் திறந்தால் பழைய தெருவை இடித்துக் கடைத்தொகுதி கட்டப்போகிறார்கள், இன்ன வளவில் மாடி எழும்பப்போகிறது என்று பக்கம் பக்கமாக வருகிறது. பாதிச் செய்திகள் "தெரிய வருகிறது" என்று முடிகின்றன. யாருக்குத் தெரிய வந்தது, எப்படித் தெரிய வந்தது என்று ஒருவரும் எழுதுவதில்லை. அந்தச் சொல்லைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் எரியும். ஏன் எரிகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஐம்பதுகளின் நடுவில் முல்லைத்தீவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதராக வந்தேன். நான் வந்த கொஞ்ச நாளில் அங்கே பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தவர் மாற்றலாகிப் போனார். யாழ்ப்பாணத்தில் இருந்த பத்திரிகைக் கந்தோர், கையெழுத்து விளங்குகிற ஓர் ஆளைத் தேடியது. என் கையெழுத்து விளங்கும். என்னுடைய தகுதி அவ்வளவுதான். சங்கக் கந்தோர் பூட்டிய பிறகு சைக்கிளில் ஊரைச் சுற்றிவந்து எழுதி, உறையில் போட்டு, காலை பஸ் சாரதியிடம் கொடுத்துவிடுவேன். வழக்கு, வலை எரிந்தது, வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு விசேட பஸ், கடல் கொந்தளிப்பு என்று எல்லாம் எழுதினேன். தொழில் பழகியது அவ்வளவில் முடிந்தது.

எங்கள் செய்தி ஆசிரியர் கனகசபை ஐயா. மெலிந்த மனிதர். மூக்கு நுனியில் கண்ணாடி, மேசையில் சிவப்பு மைக் கூடு. அவர் சிரித்து நான் கண்டதில்லை. சிரித்ததாகச் சொன்னவர்களையும் நான் நம்பியதில்லை. செய்தி அனுப்புகிற தாளில் இடப்பக்கம் நாலு விரல் அகலத்துக்கு ஓரம் விடவேண்டும் என்பது அவருடைய சட்டம். அந்த ஓரத்தில், எழுதிய ஒவ்வொரு வசனத்துக்கும் நேரே 'கண்டது' அல்லது 'கேட்டது' என்று குறிக்கவேண்டும். கேட்டது என்றால் யாரிடம் என்று கீழே எழுதவேண்டும். குறிக்காமல் அனுப்பினால் தாள் அடுத்த பஸ்ஸில் திரும்பி வரும். மேலே சிவப்பு மையில், "நீர் கண்டனீரோ, கேட்டனீரோ?" என்று மட்டும் இருக்கும். ஒருமுறை, சூறைக் காற்றில் கூரை போன வீட்டைப் பற்றி எழுதி, 'கண்டது' என்று குறித்து அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. "கூரை போனதைக் கண்டனீரோ, கூரை இல்லாததைக் கண்டனீரோ?" என்று கேட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், கூரை இல்லாததைத்தான் நான் கண்டேன்.

அவருடைய பழக்கம் மெல்ல எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதனால் நன்மையும் வந்தது. முல்லைத்தீவில் ஒரு புதிய சந்தைக்கு ஒரு பெரியவர் அடிக்கல் நாட்டினார், எழுதினேன். பின்னர் தேர்தல் வந்தது, வேறொரு பெரியவர் அதே சந்தைக்கு அடிக்கல் நாட்டினார், அதையும் எழுதினேன். மூன்றாமவர் வருகிறார் என்றதும், முதல் நாளே போய் அந்த வெறுங் காணியைச் சுற்றிப் பார்த்தேன். முந்திய கற்கள் இரண்டையும் காணவில்லை. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் சமையல் நடக்கும் குசினியின் படி கொஞ்சம் புதிதாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன், காணாமற் போன அடிக்கல்லில் ஒன்று. தேதி மேல்நோக்கி இருந்தது, பெயர் மண்ணுக்குள் இருந்தது. அதை எழுதி அனுப்பினேன். ஓரம் முழுக்க 'கண்டது' என்றே இருந்தது. செய்தி வெளிவரவில்லை, தாளும் திரும்பி வரவில்லை. அப்போதுதான் கனகசபை ஐயாவைப் பற்றி எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

இனிக் கதைக்கு வருகிறேன்.

பழைய கோட்டைப் பக்கமிருந்து கடலை நோக்கிப் போகும் ஒரு குறுகிய தெருவுக்குப் பண்டகசாலை ஒழுங்கை என்று பெயர். ஒல்லாந்தர் காலத்தில் அங்கே பண்டகசாலை இருந்ததாம், இது கேட்டது. தடித்த சுவரும், நடு முற்றமும், பீலி ஓடு போட்ட கூரையுமாகப் பழைய வீடுகள் இரு பக்கமும் நின்றன; இது கண்டது. சில வீடுகளில் கூரை பாதிதான் இருந்தது. முஸ்லிம் குடும்பங்களும், கத்தோலிக்கக் குடும்பங்களும், சைவக் குடும்பங்கள் சிலவும் சுவருக்குச் சுவர் ஒட்டி இருந்தார்கள்.

ஒழுங்கையின் நடுவில் மீராசாகிப் காக்காவின் வீடு. எங்கள் பக்கத்தில் முஸ்லிம்களில் மூத்தவரை, அண்ணன் என்பது போல, காக்கா என்றுதான் கூப்பிடுவது. தையல்காரர். முன் விறாந்தையில் மெசினைப் போட்டு, ஊரில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார். அது அவருடைய மனைவி ஹாஜராவுக்குச் சீதனமாக வந்த வீடு. மூத்த மகள் பரீதாவின் கலியாணத்துக்கு அதை அவள் பேரில் எழுதுவதாக மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியிருந்தார். நோன்புப் பெருநாள் கழிந்ததும் கலியாணம். அந்த வீட்டை விட்டால் பெண்ணுக்குக் கொடுக்க அவரிடம் வேறொன்றும் இல்லை.

வீட்டைச் சுற்றிய அவருடைய வளவின் மூலையில் ஒரு கிணறு இருந்தது. முல்லைத்தீவில் கடலோரத்துக் கிணறு என்றால் உவர். நான் வாடகைக்கு இருந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டால் மருந்து குடிப்பது போல இருக்கும். இந்தக் கிணறு மட்டும் ஏனோ நல்ல தண்ணீர். ஒழுங்கையில் சில வீடுகளுக்கு, உறுதி என்கிற காணிப் பத்திரத்தின்படி, அதில் பங்கு இருந்தது. எங்கள் பக்கத்துக் காணி உறுதிகளில் வீடு, வளவு, பயன் மரங்கள், கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால் என்று வரிசையாக எழுதுவது வழக்கம். பங்குக்காரர் முறை வைத்து அள்ளுவார்கள். மீராசாகிப் காக்காவின் பங்கு பெரியது, கிணறு நிற்கிற நிலமும் அவருடையது. பங்கே இல்லாத என்னைப் போன்றவர்கள் பின்னேரங்களில் வாளியோடு போனால், "அள்ளுங்கோ தம்பி, தண்ணிக்கு என்ன கேள்வி" என்பார். நான் நாள் தவறாமல் அள்ளினேன்.

ஒரு மாரி கழிந்த சமயம், அந்த ஒழுங்கைக்குள் கறுத்தக் கார் ஒன்று வரத் தொடங்கியது. அருளம்பலம் முதலாளி. யாழ்ப்பாணத்து ஆள், முல்லைத்தீவு மீனை லொறியில் கொழும்புக்கு அனுப்புகிறவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை, வெற்றிலை போட்ட வாய். மிக மரியாதையாகப் பேசுவார். அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரைக் கண்டால் நான் என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அவர் பண்டகசாலை ஒழுங்கையில் வீடு வாங்கப் போவதாகக் கதை அடிபட்டது. களஞ்சியம் கட்டவாம்.

நான் ஓரத்தில் குறிக்கிற புத்தியோடு அவரைக் கவனித்தேன். வீடு வாங்க வருகிறவன் கூரையைப் பார்ப்பான், சுவரைத் தட்டிப் பார்ப்பான், மழைக்கு எங்கே ஒழுகும் என்று கேட்பான். இவர் அண்ணாந்தே பார்க்கவில்லை. போன வீட்டில் எல்லாம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். மீராசாகிப் காக்காவின் வீட்டில் ஒரு முழுச் செம்பையும் நின்ற நிலையில் குடித்துவிட்டு, தன் வீட்டுக்காரிக்குக் கஷாயம் வைக்க என்று சொல்லி ஒரு சோடாப் போத்தலில் நிரப்பிக் காரில் வைத்துக்கொண்டு போனார். யாழ்ப்பாணத்தில் கஷாயம் வைக்கத் தண்ணீர் இல்லையா?

கடற்கரை முகப்பில் நல்ல நிலையில் இருந்த பெரிய வீட்டை அதன் சொந்தக்காரர் தாமாகவே அவருக்குச் சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பதிலாக, வவுனியாவுக்குப் போய்விட்ட ஒருவருடைய, சுவர் மட்டும் நின்ற பாழ் வளவை வாங்கினார். பிறகு அதற்கு எதிரே ஓர் ஓட்டை வீட்டை வாங்கினார்.

ஒருநாள் சங்கக் கடை வாசலில் என்னைக் கண்டு காரை நிறுத்தினார்.

"தம்பிதானே பேப்பருக்கு எழுதிறது? ஒரு நல்ல செய்தி இருக்கு. அந்த ஒழுங்கையை அரசாங்கம் எடுக்கப் போகுது. கடற்கரை றோட்டை அகலமாக்க. எழுதுங்கோவன்."

"உங்களுக்கு ஆர் ஐயா சொன்னது?"

"கொழும்பில எனக்கு ஆக்கள் இருக்கினம்."

"அரசாங்கம் எடுக்கிற காணியை நீங்கள் ஏன் வாங்கிறியள்?"

அவர் கோபிக்கவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினார். "பாவங்கள் தம்பி அதுகள். நட்டஈட்டுக்குக் கொழும்புக்கு அலைய அதுகளால ஏலுமோ? எனக்கு ஏலும். அதுகளுக்கும் கையில ஏதோ வரும்."

சொன்ன பதிலில் ஓட்டை இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மனிதர் அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே தயாராகி வந்திருந்தார்.

நான் ஊரின் அரச அதிகாரியான காரியாதிகாரியின் கந்தோருக்குப் போனேன். அரசாங்கம் காணி எடுப்பதென்றால் ஒழுங்கு ஒன்று இருக்கிறது. அறிவித்தல் ஒட்டுவார்கள், ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வீடு வீடாக வந்து சொல்வார், நில அளவைக்காரர் சங்கிலியோடு வருவார். ஒன்றையும் நான் காணவில்லை. தலைமை இலிகிதரும், "அப்படி ஒரு கதையும் எங்களிட்டை இல்லை" என்றார். ஆகவே நான் எழுதவில்லை.

ஆனால் செய்தி வந்தது.

மத்தியானப் பஸ்ஸில் வந்த பத்திரிகைக் கட்டைத் தேத்தண்ணிக் கடையில் அவிழ்த்தபோது நான் அங்கே இருந்தேன். கடைக்காரர் முதற் பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மற்றவர்களும் என்னைப் பார்த்தார்கள். முல்லைத்தீவில் பழைமை வாய்ந்த பண்டகசாலை ஒழுங்கையை வீதி அகலிப்புக்காக அரசாங்கம் விரைவில் சுவீகரிக்கவிருப்பதாகத் தெரிய வருகிறது. மேலே, 'முல்லைத்தீவு, நமது நிருபர்' என்று இருந்தது.

முல்லைத்தீவில் நமது நிருபர் என்றால் நான் ஒருவன்தான். நான் எழுதவில்லை என்று சொன்னேன். கடைக்காரர், "அப்ப பேப்பர் தானாவே எழுதினதோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று பின்னேரம் மீராசாகிப் காக்காவே என் அறைக்கு வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடி இருந்தது. கதிரையில் உட்காரவில்லை.

"தம்பி, நாள் தவறாம எங்கட வளவுக்கு வாறீங்கோ. ஒரு சொல்லு முந்திச் சொல்லியிருக்கலாமே."

"காக்கா, நான் எழுதேல்லை. அது பொய்ச் செய்தி."

"எழுத்தில வந்திருக்கே தம்பி." அவருக்கு எழுத்து என்றால் எழுத்துத்தான். "எடுக்கப்போற வீட்டை எந்த மாப்பிள்ளை வாங்குவான்? மாப்பிள்ளை வீட்டில இருந்து இப்பவே ஆள் வந்திட்டுது. முதலாளி வீட்டை விலைக்குக் கேக்கிறாரு. வித்துக் காசாக் குடுத்தாலாவது கலியாணம் நடக்கும்."

அவர் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அடுத்த நாள் சங்கத்துக்கு லீவு சொல்லிவிட்டு யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினேன். முரசுமோட்டை வயல்கள் கதிர் தள்ளி நின்றன. வேறு நாளாயிருந்தால் நெல்லைப் பற்றி ஏதாவது குறிப்பு எடுத்திருப்பேன். அன்று கனகசபை ஐயாவிடம் என்ன கேட்பது என்பதையே வழி முழுக்க மனத்துக்குள் எழுதி எழுதி வெட்டினேன்.

அவர் என்னைக் கண்டதும் பேனாவை மூடி வைத்தார்.

"நான் எழுதேல்லை ஐயா."

"தெரியும்."

"பிறகு ஏன் 'நமது நிருபர்' எண்டு போட்டனீங்கள்?"

"முல்லைத்தீவுச் செய்திக்கு யாழ்ப்பாண நிருபர் எண்டு போடலாமோ காணும்?"

"ஐயா கண்டனீங்களோ, கேட்டனீங்களோ?"

அந்த அறையில் அவரிடம் அப்படி ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அச்சுக் கோப்பவர் கூட எட்டிப் பார்த்தார். கனகசபை ஐயாவின் காது சிவந்தது. "சொன்னது பெரிய இடம். உம்மை மாதிரித் தேத்தண்ணிக் கடையில கேட்டுக்கொண்டு வரேல்லை."

"மறுப்பு ஒண்டு போடுங்கோ ஐயா. ஒரு பிள்ளையின்ரை கலியாணம் குழம்புது."

"இண்டைக்கு மறுப்புப் போட்டால் நாளைக்கு ஆர் எங்களை நம்புவினம்? போம். பஸ்ஸுக்கு நேரமாகுது."

எழும்பும்போது மேசைக்குக் கீழே ஒரு பனையோலைப் பெட்டியைக் கண்டேன். கருவாடு. பெட்டி கட்டியிருந்த விதம் முல்லைத்தீவுக் கட்டு. அருளம்பலம் முதலாளி கொடுத்ததென்று நான் சொல்லமாட்டேன்; முல்லைத்தீவிலிருந்து அவருக்குக் கருவாடு கொண்டுபோய்க் கொடுத்தவர் பலர், நானும் கொடுத்திருக்கிறேன். பெட்டியைக் கண்டேன், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த மனிதருடைய சிவப்பு மைக்கு நான் பயப்படவில்லை.

திரும்பி வரும்போது பரந்தனில் பஸ் மாற வேண்டியிருந்தது. அங்கே அருளம்பலம் முதலாளியின் மீன் லொறி ஒன்று நின்றது. பெட்டிகளுக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாரதி எனக்குப் பழக்கம். ஐஸ் எல்லாம் வழியிலேயே உருகிவிடுகிறது என்று புறுபுறுத்தான். "இன்னும் கொஞ்ச நாள் அண்ணை. முதலாளி முல்லைத்தீவிலேயே ஐஸ் போடப் போறாராம். மெசினுக்கும் சொல்லியாச்சாம். நல்ல தண்ணிதான் வேணுமாம், உவர் சரிவராதாம்."

நான் அவனுக்கு ஒரு சுருட்டு வாங்கிக் கொடுத்தேன். செம்பும் சோடாப் போத்தலும் இப்போது விளங்கின. பெரிய வீடு வேண்டாம் என்றதும் விளங்கியது. அந்த வீட்டுக்குக் கிணற்றில் பங்கில்லை. பாழ் வளவுக்கும் ஓட்டை வீட்டுக்கும் இருந்தது. மீராசாகிப் காக்காவின் பெரிய பங்கும் கிணற்றடி நிலமும் கிடைத்துவிட்டால் அவருக்குக் காரியம் முடிந்தது.

ஆனால் அதுவும் கேட்டதுதான். கேட்டதைக் கொண்டுபோய்ச் சொன்னால் ஏற்கெனவே என்னை நம்பாத மனிதர் நம்புவாரா? அவர் கண்ணால் காணவேண்டும். பஸ்ஸில் இருந்து அதைத்தான் யோசித்தேன்.

உறுதி எழுத நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முதல் நாள் காக்காவின் வீட்டுக்குப் போனேன். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பரீதா அழுதுகொண்டிருந்தாள். ஹாஜரா அதட்டுகிற சத்தமும் கேட்டது.

"காக்கா, என்னை நம்ப வேண்டாம். நொத்தாரிசு உறுதியை வாசிக்கேக்கை ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ. கிணத்துப் பங்கும் கிணத்தடியும் நீக்கி எழுதச் சொல்லுங்கோ."

"கிணறு இல்லாத வீட்டை ஆர் தம்பி வாங்குவான்?"

"அவருக்கு அந்தக் கிணத்தில ஏற்கெனவே பங்கிருக்கு. பாழ் வளவோடை ஒண்டு, ஓட்டை வீட்டோடை ஒண்டு. களஞ்சியத்துக்கு வைக்கிற காவல்காரன் குடிக்க அது காணாதோ?"

மெசின் நின்றது. அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். 

காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு சங்கரப்பிள்ளையின் வீட்டு விறாந்தையில்தான் உறுதிகள் முடிப்பது. பத்திரிகைக்காரன் எங்கும் போய் நிற்கலாம் என்ற தைரியத்தில் நானும் போய்த் தூணோடு நின்றேன். அருளம்பலம் முதலாளி என்னைக் கண்டு தலையசைத்தார். தன் செய்தியைப் போட்டவன் என்ற நன்றி போலும். ஹாஜரா முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு பக்கம் இருந்தார். வீடு அவர் பேரில் இருந்ததால் அவரும் ஒப்பம் வைக்கவேண்டும். சங்கரப்பிள்ளை ஒரே தொனியில் வாசித்தார். வடக்கு எல்லை, கிழக்கு எல்லை, வீடு, வளவு, பயன் மரங்கள், கிணற்றுப் பங்கு...

"ஐயா, அதில நிப்பாட்டுங்கோ" என்றார் மீராசாகிப் காக்கா.  "கிணத்துப் பங்கையும் கிணத்தடியையும் நீக்கி எழுதுங்கோ. வீடு மட்டும் குடுக்கிறம்."

நொத்தாரிசு கண்ணாடிக்கு மேலால் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சிரித்தார். "என்ன காக்கா, கடைசி நேரத்தில விளையாட்டு? கிணறு இல்லாமல் வீடு எதுக்கு?"

"உங்களுக்கு அதில ரெண்டு பங்கு இருக்கே முதலாளி."

"அது சின்னப் பங்கு." சொன்ன பிறகுதான் அவருக்கே தான் சொன்னது கேட்டிருக்க வேண்டும். வெற்றிலையைத் துப்ப எழும்பிப் போய், திரும்பி வந்தார். "சரி, கிணத்துக்கெண்டு விலையிலை கொஞ்சம் கூட்டித் தாறன். எழுதுங்கோ ஐயா."

மீராசாகிப் காக்கா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். முல்லைத்தீவில் எனக்குத் தெரிந்த மனிதர்களில் குரலை உயர்த்தாதவர் அவர். அன்றும் உயர்த்தவில்லை.

"இவ்வளவு நாளும் நாங்க கெஞ்சக் கெஞ்ச வீட்டுக்கு ஒரு சதம் கூட்டாத நீங்க, கிணத்துக்கு ஒரு நொடியில கூட்டுறீங்களே முதலாளி. அரசாங்கம் எடுக்கப்போற கிணறுதானே அது?"

 ஹாஜரா எழுந்தார். "வாங்க வீட்ட போவம்" என்றார் கணவரிடம். பேனாவை அவர் தொடவேயில்லை. இருவரும் படியிறங்கிப் போவதைப் பார்த்து எனக்கு ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதிய எந்தச் செய்தியும் அந்த விறாந்தையில் எனக்கு வந்த சந்தோசத்தைத் தந்ததில்லை. முதலாளி காரில் ஏறும்போது என்னைப் பார்த்தார். இம்முறை தலையசைக்கவில்லை.

அரசாங்கம் அந்த ஒழுங்கையை எடுக்கவில்லை. முதலாளி ஐஸ் மெசினை வேறெங்கோ கொண்டுபோனதாகக் கேட்டேன், காணவில்லை. வாங்கிய இரண்டு வளவையும் என்ன செய்தார் என்பதும் தெரியாது. மறுப்பு வெளிவரவில்லை. காரியாதிகாரி கந்தோரில் நேரே விசாரித்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வந்தார்கள். பரீதாவின் கலியாணம் நடந்தது. வீட்டையும் கிணற்றையும் சேர்த்து அவள் பேரில் எழுதினார்கள். கலியாணத்துக்கு எனக்கும் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டின்போது மீராசாகிப் காக்கா என் பக்கத்தில் வந்து இருக்கவில்லை. வீட்டில் வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் கிணற்றடியைச் சுற்றி வேலி எழும்பியது. தகரப் படலை, அதில் பூட்டு. ஐஸ் கதை ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. தண்ணீருக்கு விலை இருக்கிறது என்று தெரிந்த பிறகு, யார் கூடுதலாக அள்ளுகிறார், யார் யாருக்கு அள்ளிக் கொடுக்கிறார் என்று பங்குக்காரர் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். நான் வழக்கம் போல வாளியோடு போனேன். மீராசாகிப் காக்கா படலைக்கு உள்ளே நின்றார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது."

"கேளுங்கோ காக்கா."

"ஒழுங்கையை எடுக்கப் போறாங்க எண்டு பேப்பரில போட்டதும் நீங்க. விக்க வேண்டாம் எண்டு வந்ததும் நீங்க. நொத்தாரிசு வீட்டில எங்களுக்கு முந்தி வந்து நிண்டதும் நீங்க. கிணத்தில இருக்கிற சங்கதி எங்களுக்கே தெரியாது, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு." அவர் குரலில் கோபம் இல்லை, அளவெடுக்கும்போது கேட்பது போலத்தான் கேட்டார். "முதலாளியை விரட்டிட்டீங்க. நல்லது. இப்ப கிணத்தை வாங்க நிக்கிற உங்கட ஆள் ஆரு? அதை மட்டும் சொல்லுங்கோ. அவருக்குக் குடுக்கிறதோ இல்லையோ பிறகு பாப்பம்."

எனக்கு ஆள் ஒருவரும் இல்லை என்றேன். அந்தச் செய்தியை நான் எழுதவில்லை, யாழ்ப்பாணத்தில் இருந்தவரே எழுதி என் தலையில் போட்டார், எனக்கு அந்தக் கிணற்றில் ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் ஆசை கிடையாது என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி தம்பி" என்று சொல்லிப் படலையைச் சாத்தினார்.

வெறும் வாளியோடு ஒழுங்கையால் திரும்பி நடந்தேன். கண் கலங்கியது. கோபப்படலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நான் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் படலைக்கு அந்தப் பக்கம் நான் நின்றிருந்தால், அதில் ஒரு வசனத்தைக்கூட நம்பியிருக்க மாட்டேன்.